கப்பல் டப்பா, கிளி டப்பா

எங்கள் வகுப்பிலேயே நோய் என்று வெளியில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்று எனக்கு மட்டும்தான் இருந்தது. மற்றவர்களுக்கு வந்ததெல்லாம் சளி, சிரங்கு, பேன். இதையெல்லாம் நோயில் சேர்க்க முடியுமா? எனக்கு வந்தது அப்படியில்லை. மதியம் மணி அடித்ததும் மருந்தறைக்குப் போய், வரிசையில் நின்று, மாத்திரை போட்டுக்கொண்டு வரவேண்டிய தரத்து நோய். அதன் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் தெரியாததாலேயே அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. பக்கத்து பெஞ்சுக்காரி ஒருநாள் கண்ணை விரித்துக்கொண்டு, "செத்துப் போயிருவியாடி?" என்று கேட்டாள். "மதாம் இருக்கற வரைக்கும் சாவ மாட்டேன்" என்று ஒரே பந்தாவாகச் சொல்லிவைத்தேன்.

மதாம் எங்கள் பள்ளிக்கூடத்து நர்ஸ். பிரெஞ்சுக்காரன் ஊரைவிட்டுப் போய் வெகுகாலம் ஆகியும் காரைக்காலில் சில வார்த்தைகள் அவனோடு கப்பலேற மறந்துவிட்டன. அதில் ஒன்று இது. அந்தக் காலத்து ஆஸ்பத்திரியில் வேலை பழகி, ஓய்வு கொடுத்த பிறகும் வீட்டில் உட்காரப் பிடிக்காமல் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தவர். நல்ல ஆகிருதி. வெள்ளைப் புடவை, ஆம்பளை கட்டும் பெரிய வாட்சு, இடுப்பில் ஒரே ஒரு சாவி. தலைமையாசிரியை அம்மாவுக்குக்கூடப் பயப்படாத எங்கள் தோட்டக்காரர், மதாம் வருகிறார் என்றால் பீடியை வாயிலேயே அணைத்துக்கொள்வார்.

மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய அறைதான் மருந்தறை. ஒரு இரும்புக் கட்டில், அதை மறைக்கப் பச்சைத் துணி போட்ட தட்டி, ஒரு கண்ணாடி அலமாரி. கண்ணாடிக்கு உள்பக்கம் பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்கும். உள்ளே யாருக்கு என்ன மருந்து என்று எட்டிப் பார்க்கிற வேலையெல்லாம் நடக்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தகர டப்பா. டப்பாவின் மேல் பேர் கிடையாது. தீப்பெட்டிப் படம்தான் ஒட்டியிருக்கும். எனக்குக் கிளி. என் அக்காவுக்குக் கப்பல். இளைப்புக்காரப் பெண் ஒருத்திக்கு யானை. காதில் சீழ் வடியும் ஒருத்திக்குத் தாமரை. இன்னும் இரண்டு மூன்று பேர். வாரத்துக்குள் எங்கள் பேரெல்லாம் மறந்து, மருந்தறையில் நாங்கள் கிளியும் கப்பலும் யானையுமாகவே ஆகிவிட்டோம்.

மதாம் சட்டம் ரொம்பக் கறார். மாத்திரை கைக்கு வராது, நாக்குக்குத்தான் வரும். பாட்டில் மூடியில் உருட்டி, கரண்டியில் ஏந்தி, நேராக நாக்கில். பிறகு தண்ணீர். பிறகு, "ஆ காட்டு. நாக்கத் தூக்கு. அந்தப் பக்கம் கொடுப்புல என்ன?" என்று ஒரு சோதனை. கசப்பு மருந்துக்காரிகளுக்குக் கடைசியில் ஒரு கற்கண்டு. என்னுடையது புளிப்பு மிட்டாய் மாதிரி இனிப்பும் புளிப்புமாக இருந்ததால் கற்கண்டுக்கு வழியில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

என் நோய் தொடங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா டவுன் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, காலிக் கூடையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள். இடுப்புச் செருகலிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மதாமிடம் நீட்டினாள். மதாம் அதைக் கையால்கூடத் தொடவில்லை.

"இது என்னா? மாத்திரையா, வேர்க்கடலையா?"

"மாத்திரைதாங்க. மதியத்துக்கு..."

"டாக்டர் எழுதுன சீட்டும், கடையில குடுத்த பாட்டிலும் ரெண்டும் சேந்து வந்தாத்தான் என் அலமாரிக்குள்ள போவும். பொட்டலத்த நான் எப்படி நம்புறது? நாளைக்கி வாங்க. சங்கடப்பட்டுக்கிட்டு வராம இருந்துடாதீங்க. வாங்க."

அடுத்த நாள் அம்மா சீட்டும் பாட்டிலுமாக வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். வெளியே வந்தபோது அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே மதாம் வந்து, என் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, "இந்தச் சின்னதுக்கும் மதியம் ஒரு மாத்திரை போட்டுடலாம். ஒங்க அம்மா சரின்னுட்டாங்க" என்றார். அவ்வளவுதான். நான் நோயாளி. அக்கா எனக்குத் துணைக்கு வருகிறாள், துணைக்கு வருகிறவளுக்கும் மரியாதைக்கு ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

கணக்கு தலைகீழ் என்பது எனக்கு ரொம்பப் பிற்பாடுதான் தெரியும். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். வலிப்பு அக்காவுக்கு. என்னைவிட மூன்று வகுப்பு மூத்தவள். முந்தின வருஷம் கிணற்றடியில் விழுந்தாள், பிறகு இன்னொரு தடவை அடுப்பங்கரையில். இரண்டு தடவையும் நான் வீட்டில் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், மூன்று வேளையும் மாத்திரை போடவேண்டும், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, போட்டால் பிள்ளை எல்லோரையும் போல இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வீட்டில் அதற்கு வைத்த பேர் பித்த மயக்கம். எனக்கு அதையும் சொல்லவில்லை. காரணம், என் வாய். எங்கள் ஊர் கோட்டுச்சேரிமேட்டில் கட்டுமரம் கரையேறுவதற்கு முன்னால் என் வாயால் சேதி கரையேறிவிடும் என்று அப்பாவே சொல்வார்.

எல்லோரையும்விட முக்கியமாகத் தெரியக் கூடாத ஆள், அத்தை. அப்பாவின் அக்கா. தெற்கே பட்டினம் பக்கத்துக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அக்கா பிறந்த அன்றே, "இது எம்மவனுக்கு" என்று தொட்டிலைப் பிடித்துச் சொன்னவள். பேச்சு முறிந்தால்கூடப் பரவாயில்லை. வலிப்பு என்று ஒரு வார்த்தை அத்தை வாயிலிருந்து கிளம்பினால் கரை முழுக்கப் பரவிவிடும். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு பெண் இருந்தாள். பள்ளிக்கூடத்தை நிறுத்தி, கோவில் கோவிலாக இழுத்துக்கொண்டு போய், கடைசியில் வாசலுக்குக்கூட விடாமல் வைத்திருந்தார்கள். சன்னலில் அவள் முகம் மட்டும் தெரியும். அம்மாவுக்குத் தூக்கத்தில் வந்ததெல்லாம் அந்த சன்னல்தான். அக்காவோ டீச்சராக வேண்டும் என்று அப்போதே சுவரில் சாக்பீஸால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தவள்.

இந்த நிலையில் மாங்கனித் திருவிழா வந்தது. திருவிழாவோடு அத்தையும் வந்தாள்.

எங்கள் வீடு இருந்த இருப்புக்கு அத்தை ஒருத்தி வந்தாலே பத்துப் பேர் வந்த மாதிரி. அடுப்படிக்குள் நுழைந்தவள் வெளியே வரவே இல்லை. "அண்ணி, நீங்க போயி செத்த ஒக்காருங்களேன்" என்று அம்மா கெஞ்சினால், "நான் என்னா விருந்தாளியா? தம்பி வூட்டுல கரண்டி புடிக்க எனக்கு யாரு சீட்டு குடுக்கணும்?" என்பாள். அடுப்படியில் வேறு ஒரு சங்கதியும் இருந்தது. அக்காவின் மாத்திரை பாட்டிலை அம்மா ஒளித்து வைத்திருந்தது பானைக்குள், கருவாட்டுக்கு அடியில். யாரும் கை விடாத இடம் என்று யோசித்து வைத்ததுதான். ஆனால் அத்தை தலைக்கு மேல் உறியில் அந்தப் பானையைத் தூக்கி மாட்டிவிட்டு, அதற்குக் கீழேயே பாய் போட்டுப் படுத்தாள். பூனை வருகிறதாம்.

பள்ளிக்கூடமும் லீவு. கப்பல் டப்பா மதாம் அலமாரிக்குள். பானை அத்தை தலைக்கு மேல். அக்கா நாக்கில் மாத்திரை படாமல் பொழுது போய்க்கொண்டிருந்தது. அம்மா அத்தையையும் பானையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? சாமி வரும்போது மாடியிலிருந்து வீசிய மாம்பழம் ஒன்று என் நெற்றியில் பட்டு வீங்கியிருந்தது. மதாமிடம் காட்ட ஒரு புது நோய் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

அந்தக் கூட்டத்தில்தான் வினை. எங்கள் பள்ளிக்கூட வாசலில் நெல்லிக்காய் விற்கும் ஓர் அம்மா அத்தையைப் பார்த்திருக்கிறாள். பழைய சினேகிதம். "ஒந்தம்பி மவ தெனமும் மருந்து ரூம்புல நிக்கிதே, ஒடம்புக்கு என்னா?" என்று ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று அத்தையும் எங்களோடு பஸ் ஏறினாள். ஊருக்குப் போகிறாளாம். உட்கார்ந்ததும் அக்காவைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னாடி மருந்து அது?"

அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கா பொறுக்கும்?

"அது எனக்கு அத்த! நோவு எனக்குத்தான். அக்கா சும்மா தொணைக்கி வர்றா."

"ஒனக்கு? ரெண்டாளு சோத்த ஒண்டியா திங்கிறியே, ஒனக்கு நோவா? மதியம் வரேன் இரு. அந்த நர்சம்மா சொல்லட்டும்."

மதியம் மணி அடித்தது. வரிசையில் அக்கா எப்போதும் நடுவில் நிற்பாள். அன்று மதாம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் கூப்பிட்டார்.

"கப்பல், லீவுல போட்டியா?"

அக்கா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"ஒரு வேள கூடவா?"

"அத்த வந்திருந்தாங்க மதாம். விட்டதுக்கும் சேத்து ரெண்டா குடுத்துருங்களேன்."

"விட்டது விட்டதுதான். சேத்துப் போட்டா ஒடம்புதான் கெடும். ஒண்ணுதான். நாக்க நீட்டு."

கொடுத்தார். ஆ காட்டச் சொன்னார். வகுப்புக்கு அனுப்பாமல், "இப்படி வா, படுத்துக்க. ஒருக்களிச்சிப் படு" என்று தட்டிக்குப் பின்னால் கட்டிலுக்குக் கூட்டிப் போனார். தோட்டக்காரரைக் கூப்பிட்டு, ஒரு சீட்டு எழுதி, ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் விரட்டினார். அப்போதுதான் அத்தை வந்தாள். கையில் வீட்டுச் சாவிக்கொத்து ஆட, பின்னாலேயே வேடிக்கை பார்க்க நெல்லிக்காய் அம்மா. அவளுக்குப் பின்னால் சாப்பாட்டுத் தூக்கோடு பாதிப் பள்ளிக்கூடம்.

"டப்பா டப்பாவா மருந்து வச்சிருக்கீங்களாமே. எந்த டப்பா எந்தம்பி மவளுது?"

"அதப் பெத்தவங்களுக்குச் சொல்லுவேன். டாக்டருக்குச் சொல்லுவேன்" என்றார் மதாம். "வேற யாருக்கும் சொல்றதில்ல."

"நான் வேற யாரா? நாளக்கி அவளுக்கு மாமியா ஆவப்போறவ நானு!"

"ஆனப்பறம் வாங்க, சொல்றேன்."

வரிசையில் யானை களுக்கென்று சிரித்தது. அத்தைக்கு முகம் சிவந்தது. அவள் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்த நேரம், தட்டிக்குப் பின்னால் இரும்புக் கட்டில் கடகடவென்று ஆடியது.

அந்தப் பெரிய உடம்பு அவ்வளவு வேகமாகத் திரும்பி நான் பார்த்ததில்லை. மதாம் தட்டிக்குப் பின்னால் போனார். அத்தையும் பின்னால் போனாள். அடுத்த கணம் மதாமின் குரல் மட்டும் வந்தது.

"கிளி! பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லு. மத்தவங்கள்லாம் அவ பின்னாடி சொல்லுங்க. சத்தமா! நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

பதிமூன்றாம் வாய்ப்பாடு முழுசாகத் தெரிந்தவள் என் வகுப்பில் நான்தான். மதாமுக்கு அது எப்படித் தெரியும் என்று ஆச்சரியப்படக்கூட நேரமில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தேன். ஓர் பதிமூணு பதிமூணு! ஈர் பதிமூணு இருபத்தாறு! யானையும் தாமரையும் கூடவே கத்தினார்கள். வாசலில் நின்ற கூட்டத்துக்கு எங்கள் வாயைத் தவிர வேறொன்றும் கேட்டிருக்காது.

நான் மூச்சு வாங்கிய இடங்களில் மட்டும் உள்ளேயிருந்து துண்டு துண்டாகக் காதில் விழுந்தது.

"சாவிய கையில குடுக்கணும் நர்சம்மா, இரும்பு புடிச்சாத்தான்..."

"சாவிய இடுப்புல சொருவுங்க. இங்க எந்தப் பூட்டும் இல்ல. கையப் புடிச்சி அமுக்காதீங்க, விடுங்க. வாய்ல ஒண்ணும் வைக்கக் கூடாது."

மூ பதிமூணு முப்பத்தொம்பது!

"எங்கண்ணே... எந்தங்கமே..."

"அழாதீங்க. வாட்சப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். தானா நிக்கும்."

ஏழு பதிமூணு தொண்ணூத்தி ஒண்ணு! வாய்ப்பாடு முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இடையில் அத்தை ஏதோ கேட்டாள். மதாம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "பேயுமில்ல, சாபமுமில்ல. சுகரு, பிரசரு மாதிரி இதுவும் ஒரு ஒடம்பு கோளாறு. வேளைக்கி மாத்திர போட்டிருந்தா இன்னைக்கி இது வந்திருக்காது. ஏன் போடலன்னு ஒங்களுக்குத் தெரியுதா?"

அக்காவுக்கு ஊசி போடுகிறார்கள், அதற்கு அத்தை அழுகிறாள் என்று முடிவு கட்டினேன். ஊசிக்கு அழுகிற அத்தையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் இளக்காரம்கூட வந்தது.

"போதும் கிளி" என்று மதாம் சொன்னபோது தொண்டை கட்டியிருந்தது. உள்ளே யாரோ குறட்டை விட்டுத் தூங்குவது போல ஒரு மூச்சுச் சத்தம். அத்தை தட்டியை விலக்கிக்கொண்டு வந்தாள். முந்தானை தோளிலிருந்து சரிந்திருந்தது. சாவிக்கொத்து இன்னும் கையில்தான் இருந்தது. வாசலில் நெல்லிக்காய் அம்மா கழுத்தை நீட்டினாள்.

"உள்ளார என்னா சத்தம்? புள்ளைக்கு என்னா?"

அத்தை அவளை ஒரு பார்வை பார்த்தாள். சாவியை இடுப்பில் செருகினாள். நேராக நடந்து வந்து எங்கள் வரிசையில், தாமரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"என்னாத்த இருக்கும்? ரத்தக் கொறச்சலு. படுத்திருக்கா. எங்க வம்சத்துக்கே ரத்தக் கொறச்சலு. இந்தா, சின்னதும் திங்கிது பாரு மாத்திர. மதாம், எனக்கும் ஒண்ணு குடுங்க."

மதாம் அத்தையைக் கிட்டே கூப்பிட்டார். பிறகு அவள் இமையை இழுத்துப் பார்த்தார்.

"இது புள்ளைங்களுக்குன்னு சர்க்கார் குடுத்த மாத்திர. ஒங்களுக்குத் தர மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போயி டாக்டரப் பாருங்க, நெசமாவே ரத்தம் இல்ல. இப்பத்திக்கி ஒரு கற்கண்டு. நாக்க நீட்டுங்க."

வெற்றிலை போட்டுச் சிவந்த அந்த நாக்கை அத்தை, ஊரையே நடுங்கவைத்த அந்த நாக்கை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நீட்டினாள்.

"ஆ காட்டுங்க. நாக்கத் தூக்குங்க."

தூக்கினாள். வாசலில் கூடியிருந்த அத்தனை பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நெல்லிக்காய் அம்மாவும் சிரித்துவிட்டுக் கூடையைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. அத்தையின் நோய் வெறும் கற்கண்டு அளவு. என்னுடையது மாத்திரை அளவு.

ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வந்து அக்காவைப் பார்த்தார். சாயங்காலம் அத்தை ஊருக்குப் போகாமல் எங்களோடு வீட்டுக்கே திரும்பினாள். பஸ்ஸில் அக்கா அவள் காதில் என்னமோ சொல்லிக்கொண்டே வந்தாள். அக்காவின் கையைப் பிடித்தபடியே அத்தை பஸ்ஸிலிருந்து நடத்திக்கொண்டு வந்தாள். வாசலில் நின்ற அம்மாவுக்கு எங்கள் மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்ததும் முகத்தில் ரத்தமே இல்லை. அத்தை நேராக அடுப்படிக்குள் போனாள். உறியை இறக்கினாள். கருவாட்டுப் பானைக்குள் கையை விட்டாள்.

"ஏம்மா, இதுக்குள்ள கை வுட்டா நாறுது. புள்ள எப்படி வாயில வைக்கும்? நல்லதா ஒரு டப்பா வாங்கி மேல வையி" என்றாள்.

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். சமையலைக் குறை சொன்னதற்கு இவ்வளவு அழுகையா என்று எனக்குத் தோன்றியது. கருவாடு என்றால் நாறாமல் என்ன செய்யும்?

அக்கா படித்தாள். டீச்சர் டிரெயினிங்கும் முடித்தாள். கப்பல் டப்பா பள்ளிக்கூடம் முடிகிறவரை மதாம் அலமாரியில் இருந்தது, கிளி டப்பாவும்தான். நான் காலேஜில் சேர்ந்த வருஷம் அத்தை மகனுக்கும் அக்காவுக்கும் கல்யாணம். அத்தான் அதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகுதான் அக்காவிடம் சம்மதம் கேட்டாராம். எல்லாவற்றையும் எனக்குக் கடைசியாகச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். அந்த அளவுக்கு என் வாய் மேல் நம்பிக்கை.

கல்யாணத்துக்கு மதாம் வந்திருந்தார். முன்வரிசை நாற்காலியில், அதே வாட்சோடு. தாலி கட்டியாகிவிட்டது, போட்டோ எடுக்கிறவன் அக்காவை விடவில்லை, மதியம் ஆகிவிட்டது. மதாம் மணிக்கட்டைத் தூக்கி வாட்சை விரலால் தட்டினார். மேடையில் நின்ற அத்தை அதைப் பார்த்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கி வந்து மதாம் முன்னால் கையை நீட்டினாள்.

"இப்ப மாமியா ஆயிட்டேன். குடுங்க."

மதாம் சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு காலி டப்பாவை எடுத்துக் கொடுத்தார். மேலே கப்பல் படம் பாதி உரிந்திருந்தது. அம்மாவிடமிருந்து பாட்டிலை வாங்கி அதற்குள் வைத்துக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு அத்தை மேடையேறினாள். அத்தனை சனமும் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு நொடி நின்றாள். பிறகு என்னைத் தேடினாள்.

"எங்கடி கிளி? வா இங்க. இந்தக் குட்டிங்களயும் கூப்புடு. எல்லாம் வரிசையா நில்லுங்க, காலைலேருந்து ஒண்ணும் திங்காம கெடக்குறீங்க."

நானும் சித்தப்பா பெரியப்பா வீட்டுப் பெண்களுமாக மணப்பெண்ணைச் சுற்றி நின்றோம். அத்தை தாம்பாளத்துக் கற்கண்டை ஒவ்வொரு நாக்கிலும் வைத்துக்கொண்டே வந்தாள். நடுவில் அக்கா முறை வந்தது. அவள் நாக்கில் வைத்தது என்ன என்று பார்த்தவர்கள் யாருமில்லை. "ஆ காட்டு. நாக்கத் தூக்கு" என்று மட்டும் அத்தை குனிந்து சொன்னாள்.

கற்கண்டு என் வாயில் கரைந்துகொண்டிருந்தது. நடுவில் அக்கா, சுற்றிலும் நாங்கள்: இந்த வரிசையில் நான் முன்பே நின்றிருக்கிறேன். மேடையை விட்டு இறங்கி நேராக மதாமிடம் போனேன்.

"மதாம், எனக்கு அப்ப என்னா நோவு?"

"ஒனக்கா?" மதாம் என் இமையை இழுத்துப் பார்க்கிற மாதிரி பாவனை செய்தார். "வாயி. அதுக்கு இன்னும் மருந்து கண்டுபுடிக்கல."

ஆக, எனக்கு நோயே இருந்ததில்லை. அத்தனை வருஷத்துப் பந்தாவும் போச்சு. யானைக்கும் தாமரைக்கும் ஏதோ ஒன்று இருந்தது. எனக்கு இருந்ததெல்லாம் ஊட்டச்சத்து மாத்திரையும் அக்கா பக்கத்தில் ஒரு இடமும்தான். அன்றைக்கு மருந்தறையில் நான் கெட்டிக்காரி என்று எல்லோருக்கும் காட்டத்தான் மதாம் என்னை வாய்ப்பாடு சொல்லச் சொன்னார் என்று, கல்யாண மண்டபத்துக்குள் நுழைகிறவரை நம்பிக்கொண்டிருந்தேன். ஏழு பதிமூணு தொண்ணூத்தி ஒண்ணு என்று தொண்டை கிழியக் கத்தினேனே, அந்தச் சத்தத்துக்கு அடியில் என் அக்கா இருந்தாள்.